தபீதாள் டீச்சரின் ஜீவிய சரித்திரம்

கிழக்குத் தாம்பரம்,
22-2-1970

அன்புள்ள ஜெயசீலி அக்காவுக்கு, உங்கள் தம்பி வில்பிரட்டின் மனைவி கிருபா எழுதுவது.

இங்கே நாங்களும் பிள்ளைகளும் தேக சுகத்தோடு இருக்கிறோம், கர்த்தருக்கு ஸ்தோத்திரம். பிலாயில் குளிர் குறைந்திருக்கும், நீங்களும் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஐந்து வருஷமாக இந்த வீட்டு மருமகள் நான். நீங்களோ ஏழு வருஷமாக இந்தப் பக்கமே வரவில்லை. அதனால் உங்களைப் போட்டோவில்தான் எனக்குத் தெரியும். நர்ஸ் தொப்பி வைத்துக்கொண்டு, போட்டோ எடுத்தவரோடு சண்டை போட்டவர் மாதிரி நிற்கிறீர்கள். அச்சு அசல் அத்தையின் முகம். முதல் கடிதத்தை இப்படி ஒரு சமயத்திலா எழுத வேண்டும், என்ன செய்வது.

தந்தி கிடைத்திருக்கும். ஒன்பதாம் தேதி மத்தியானம் அத்தை சிறிதும் வேதனையின்றி, தூங்குவதுபோல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். மறுநாள் அடக்கம். லீவு கிடைக்கவில்லை என்று நீங்கள் கொடுத்த பதில் தந்தி வந்தது. பரவாயில்லை அக்கா, கிடைத்திருந்தாலும் அவ்வளவு தூரத்திலிருந்து வந்து முகம் பார்த்திருக்க முடியாது.

குரோம்பேட்டைப் பள்ளிக்கூடத்தில் அத்தையிடம் அடி வாங்கியவர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். எலெக்ட்ரிக் ரயிலில் ஒரு பெட்டியே காலியாகி நம் வீட்டுக்கு வந்தது என்று உங்கள் தம்பி சொன்னார். எல்லாம் நல்லபடியாக நடந்தது, ஒன்றைத் தவிர. நம் போதகர் மகாநாட்டுக்குப் போயிருந்தார். பதிலுக்கு வந்தவருக்குப் பல்லாவரத்தில் இன்னொரு அடக்கம். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஜெபம் செய்தார். ஜீவிய சரித்திரம் வாசிக்காமலே மண் போட்டாயிற்று.

நம் சபையில் அதை வாசிக்காமல் யாரையும் அனுப்பியதில்லை, உங்களுக்குத் தெரியும். ஒன்றுமே செய்யாதவருக்கும் ஒரு பக்கமாவது குடும்பத்தில் ஒருவர் எழுதி வாசிப்பார். அதனால் ஆகஸ்டில் கல்லறைக்குக் கல் வைக்கும்போது ஞாபகார்த்த ஆராதனை நடத்தி, அதில் வாசிப்பது என்று கமிட்டியில் முடிவாகிவிட்டது. யார் எழுதுவது? அங்கேதான் பேஜார்.

அத்தை எந்தச் சாவையும் தவறவிட்டதில்லை. இரண்டாவது பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, ஜீவிய சரித்திரத்தைப் பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரி கேட்பார்கள். பொய் வருகிற இடத்தில் ஒரே ஒரு கனைப்பு. “ம்க்கும்.” அவ்வளவுதான், கோயில் முழுக்கக் கேட்கும். மரக்கடைக்காரர் செத்தபோது ‘ஏழைகளுக்கு வாரி வழங்கியவர்’ என்று அவர் மகன் வாசித்தான். ம்க்கும். பையன் பயந்துபோய் நடுப்பக்கத்தை விட்டுவிட்டுக் கடைசிப் பக்கத்துக்குத் தாவிவிட்டான். அதற்கப்புறம் ஜனங்கள் உஷாராகி, எழுதியதை முன்னாடியே அத்தையிடம் கொண்டுவந்து காட்ட ஆரம்பித்தார்கள். சிவப்புப் பென்சிலால் அடித்துத் தருவார்கள். நாலு பக்கம் உள்ளே போனால் ஒன்றரைப் பக்கம் வெளியே வரும்.

இப்போது அத்தைக்கே எழுத வேண்டும். எலியேசர் சித்தப்பா தனக்கு பிரஷர் என்று சொல்லிவிட்டார். உங்கள் தம்பி நாலு பேர் முன்னால் நின்றால் தன் பெயரையே மறந்துவிடுவார். கையெழுத்து நன்றாயிருக்கிற ஒரே குற்றத்துக்காக என் தலையில் விழுந்துவிட்டது. அத்தையைப் பற்றிப் பொய் எழுதினால் சபை சிரிக்கும். நிஜத்தை எழுதினால் உங்கள் தம்பி அழுவார்.

உங்களிடம் இரண்டு உதவி. ஒன்று, அத்தை பிறந்தது, படித்தது முதலான விவரங்கள் வேண்டும். இரண்டாவதுதான் முக்கியம். அத்தை கனைக்காமல், எழுந்து நின்று வாய்விட்டே ‘பொய்’ என்று சொன்னது ஒரே ஒரு தடவைதானாம். மாமாவின் அடக்க ஆராதனையில், நீங்கள் வாசித்துக்கொண்டிருந்தபோதாம். எந்த வரிக்கு அக்கா? உங்கள் தம்பியைக் கேட்டால் “விடு அதை” என்று எழுந்து போகிறார். தெரிந்தால் அந்தத் தப்பை நான் செய்யாமல் தப்பித்துக்கொள்வேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் உங்களுக்கு ஸ்தோத்திரம் சொல்லுகிறார்கள்.

அன்புள்ள,
கிருபா

•

பிலாய்,
12-3-1970

அன்புள்ள கிருபாவுக்கு,

சுகமாக இருக்கிறேன். நீங்கள் எல்லாரும் சுகம் என்று அறிந்து சந்தோஷம்.

கேட்ட விவரங்கள். அம்மா பிறந்தது 1904, செங்கல்பட்டு. தகப்பனார் ரயில்வேயில் வேலை. டீச்சர் டிரெயினிங் முடித்ததும் குரோம்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே ஹெட்மிஸ்ட்ரஸ் ஆகி ரிட்டயர் ஆனாள். அப்பா அசரியாவைக் கல்யாணம் செய்தது 1928. நான், வில்பிரட், நடுவில் ஒன்று பிறந்து இறந்தது. பிடித்த ஞானப்பாட்டு என்று ஒன்றும் கிடையாது. எல்லாவற்றையும் ராகம் தப்பிப் பாடுவாள்.

அவள் மூக்குக்கண்ணாடி யாரிடம் இருக்கிறது? தம்பி இன்னும் ராத்திரியில் இருமுகிறானா?

அன்று மத்தியானம் வீட்டில் யார் யார் இருந்தீர்கள் என்று எழுதவில்லையே.

இப்படிக்கு,
ஜெயசீலி

•

கிழக்குத் தாம்பரம்,
5-4-1970

அன்புள்ள அக்காவுக்கு,

சின்னவனுக்குச் சளி பிடித்திருந்தது, இப்போது தேவலை. மற்றபடி சுகம். அங்கே வெயில் இதைவிட மோசம் என்கிறார்களே, நிறையத் தண்ணீர் குடியுங்கள். நர்ஸுக்கே சொல்லிக் கொடுக்கிறேன் பாருங்கள்.

மூக்குக்கண்ணாடி என்னிடம்தான் இருக்கிறது. உங்கள் தம்பி இருமுவதில்லை, சிகரெட்டை விட்டுவிட்டார். விட்டதாகச் சொல்லுகிறார்.

நீங்கள் விவரம் எல்லாம் அனுப்பிவிட்டு, முக்கியமாகக் கேட்டதை நைசாக விட்டுவிட்டீர்கள். எனக்கோ ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் சோறு இறங்காது. எலியேசர் சித்தப்பாவிடமே போய்க் கேட்டேன்.

“எந்த வரியா? எனக்குத் தெரியாதா என்ன. ‘ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட ஆராதனைக்குத் தவறியதில்லை’ன்னு ஜெயசீலி வாசிச்சா. அண்ணி உடனே எழுந்துட்டாங்க. நியாயம்தானேம்மா? அண்ணன் பாதி ஞாயிறு சானடோரியம் பக்கம் சீட்டாடப் போயிடுவான்.”

“உங்களுக்கு எப்படி சித்தப்பா தெரியும்?”

“நானும்தானே கூட...” என்று ஆரம்பித்தவர், சித்தி காபியோடு வருவதைப் பார்த்ததும் செம்பாக்கம் ஏரியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று என்னைக் கேட்டார். ஏரிக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?

ஆனால் அக்கா, எனக்கென்னவோ அந்த வரியாக இருக்காது என்று தோன்றுகிறது. அதற்கு ஒரு கனைப்பு போதும். எழுந்து நின்றிருக்க மாட்டார்கள்.

எழுதவும் உட்கார்ந்தேன். ‘தேவ பக்தியுள்ள பெற்றோருக்கு’ என்பதோடு நின்றுவிட்டது. உங்களிடம் சொன்னால் என்ன, ஐந்து வருஷத்தில் அத்தையும் நானும் சண்டை போடாத நாள் கிடையாது. “குழம்புல உப்பு போட்டியா, உன் கோபத்தைப் போட்டியா?” என்பார்கள். இப்போது குழம்பை இறக்கி வைத்துவிட்டு யாராவது ஏதாவது சொல்லுவார்கள் என்று நிற்கிறேன். உங்கள் தம்பி எதைப் போட்டாலும் நன்றாயிருக்கிறது என்று சாப்பிட்டுவிட்டு எட்டரை வண்டியைப் பிடிக்க ஓடுகிறார். நேற்று எனக்கு அழுகை வந்துவிட்டது. சொந்த அம்மா செத்தபோதுகூட நான் இப்படி அழவில்லை. இது என்ன அதிசயம் என்று எனக்கே புரியவில்லை.

அந்த வரியை எழுதுங்கள் அக்கா. புண்ணியமாகப் போகும்.

அன்புள்ள,
கிருபா

•

கிழக்குத் தாம்பரம்,
3-5-1970

அன்புள்ள அக்காவுக்கு,

இன்றைக்கு வரும் நாளைக்கு வரும் என்று தபால்காரரைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலிதான் மிச்சம். சுகமாகத்தானே இருக்கிறீர்கள்? உங்களுக்கு உடம்புக்கு ஏதாவது என்றால் இரண்டு வரி போதும், எழுதிவிடுங்கள்.

நீங்கள் சொல்லாவிட்டால் நான் விட்டுவிடுவேனா? பக்கத்து வீட்டுப் பொன்னியம்மாளை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நிலத்தை எல்லாம் மனை போட்டு விற்ற பிறகும் மாட்டை மட்டும் விற்காமல் வைத்திருக்கிறார்கள். மாமாவின் அடக்கத்தன்று கோயிலுக்கு வந்து கடைசியில் நின்றிருந்தார்களாம். பால் வாங்கும்போது கேட்டேன்.

“எனுக்கா நெனப்பு இல்ல? நல்லா கீது. அந்தப் பொண்ணு, அசரியா சாரு பீடியே தொட்டதில்லேன்னு படிச்சிச்சு. டீச்சரம்மா சும்மா இருக்குமா? எங்க மாட்டுக் கொட்டாய் பின்னால நின்னுகினு டெய்லி ஊதுவாரும்மா. எங்க வூட்டுக்காரரு கைல இருந்து புடுங்கி ஊதுவாரு. அவரு செத்துப்போனதே அந்த சாரு சகவாசத்தாலதான்.”

“உங்க வூட்டுக்காரர் கிணத்துல விழுந்துதானே செத்தாருன்னாங்க?”

“பீடி பத்தவைக்கத்தான் கெணத்தாண்ட போனாரு.”

இதற்கு மேல் என்ன பேசுவது? செம்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்து, ஆர்கன் வாசிக்கிற ஞானாம்பாள் அம்மா. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பிடித்தேன். யோசிக்கவே இல்லை. “‘அன்பான கணவராக விளங்கினார்’. அந்த வரிக்குத்தான்” என்றார்கள். சொல்லிவிட்டு ஆர்கனைத் துணி போட்டு மூடினார்கள், மறுபடி திறந்தார்கள், மறுபடி மூடினார்கள். அவர்கள் வீட்டுக்காரர் இருந்த லட்சணம் சபைக்கே தெரியும். அவருக்கும் அதே வரியை வாசித்தார்கள், அத்தையும் கனைத்தார்கள். அன்றைக்கு அழுதுகொண்டிருந்த ஞானாம்பாள் அம்மா சிரித்துவிட்டார்கள்.

மூன்று பேரைக் கேட்டேன், மூன்று வரி சொன்னார்கள். அவரவருக்கு உறுத்துவதை அவரவர் சொல்லுகிறார்கள். வாசித்தவர் நீங்கள். உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது போலிருக்கிறது.

ஊறுகாய் போட்டேன். யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்து அனுப்புகிறேன்.

அன்புள்ள,
கிருபா

•

பிலாய்,
20-5-1970

அன்புள்ள கிருபாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. வார்டில் வேலை அதிகம்.

பால்காரி, ஆர்கன்காரி என்று ஊரெல்லாம் விசாரணை நடத்துவதை முதலில் நிறுத்து. எனக்குப் பிடிக்கவில்லை. உன் தகப்பனார் போலீஸில் இருந்தாரா? அம்மாவைப் பற்றி எல்லாரும் எழுதுவதுபோல் எழுதி வாசித்துவிடு. கனைக்கிறவள் போய்விட்டாள்.

எழுதி முடித்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்பு. முக்கியமாகக் கடைசி வரி எப்படி எழுதியிருக்கிறாய் என்று பார்க்க வேண்டும்.

பெரியவளுக்கு அம்மை ஊசி போட்டாயிற்றா? ஊறுகாய் வேண்டாம், எனக்கு அல்சர்.

ஜெயசீலி

•

கிழக்குத் தாம்பரம்,
7-6-1970

அன்புள்ள அக்காவுக்கு,

அல்சர் என்று இவ்வளவு சாதாரணமாக எழுதுகிறீர்களே! வேளைக்குச் சாப்பிடுங்கள், மோர் குடியுங்கள். அம்மை ஊசி போட்டாயிற்று. என் தகப்பனார் போலீஸில் இல்லை, தபால் ஆபீஸில் இருந்தார். கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் எங்கள் வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது.

திட்டு வாங்கிய பிறகு ரோஷத்தில் ஒரே மூச்சில் எழுதி முடித்துவிட்டேன். அத்தையின் பெஞ்சைப் பார்த்துக்கொண்டே எழுதுகிற மாதிரி நினைத்துக்கொண்டு, கனைப்பு வரும் என்று தோன்றியதை எல்லாம் நானே அடித்தேன். மிஞ்சியது இதுதான்:

‘திருமதி தபீதாள் அசரியா 1904-ஆம் வருஷம் செங்கல்பட்டில் பிறந்தார். குரோம்பேட்டையில் ஆசிரியையாகவும் தலைமை ஆசிரியையாகவும் ஊழியம் செய்தார். அவரிடம் படித்தவர்களுக்குக் கணக்கு வரும். வளர்ந்த பிறகும் அவரைத் தெருவில் பார்த்தால் அவர்கள் கை பின்னால் போகும். சமையல் அவருக்கு வராது, அதை அவர் ஒப்புக்கொண்டதில்லை. மருமகளின் சமையலையும் ஒப்புக்கொண்டதில்லை. அதே மருமகள் டைபாய்டில் கிடந்தபோது, பக்கத்திலேயே உட்கார்ந்து திட்டிக்கொண்டே கஞ்சி ஊட்டினார். யாரைப் பற்றியும் முதுகுக்குப் பின்னால் பேசியதில்லை, எதிரிலேயே பேசிவிடுவார். மன்னிப்புக் கேட்கத் தெரியாது. கோபித்தவர்கள் வீட்டுக்கு மறுநாள் முருங்கைக்காய் கொடுத்து அனுப்புவார். நம் சபையில் முருங்கைக்காய் வாங்காத வீடு இல்லை.’

உங்கள் தம்பிக்கு வாசித்துக் காட்டினேன். சிரித்தார், அப்புறம் துண்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார்.

கடைசி வரியைக் கேட்டீர்கள். அதில் ஒன்றும் கஷ்டமில்லை, எல்லாரும் எழுதுவதுதான்: ‘சிறிதும் வேதனையின்றி, தூங்குவதுபோல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.’ அதை யாரும் குறை சொல்ல முடியாது.

போதுமா? பாஸா, பெயிலா?

அன்புள்ள,
கிருபா

•

பிலாய்,
13-6-1970
எக்ஸ்பிரஸ் டெலிவரி

கிருபாவுக்கு,

நீ கேட்டுக்கொண்டே இருந்த வரி அதுதான்.

அப்போது நான் வேலூரில் இருந்தேன். அடக்கத்தன்று காலையில்தான் வந்து சேர்ந்தேன். பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவசரமாக எழுதினேன். கடைசி வரி தானாக வந்தது, எல்லாரும் எழுதுவதுதானே. அப்பாவுக்கு வயிற்றில் புற்று. நான் நர்ஸ். அந்த வியாதியில் யாரும் தூங்குவதுபோல் போவதில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் வாசித்தேன். அம்மா எழுந்து நின்று ‘பொய்’ என்றாள். சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் காகிதத்தை மடித்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

சாயந்திரம் வீட்டில் சண்டை போட்டேன். ஏன் என் மானத்தை வாங்கினாய் என்று கேட்டேன். “நான் கூட இருந்தேன். எப்படிப் போனாருன்னு நீ ஒரு வார்த்தை கேக்கலியே” என்றாள். பிறகு சொல்ல ஆரம்பித்தாள். நான் எழுந்து பெட்டி கட்டப் போய்விட்டேன். அதன் பிறகுதான் பிலாய்க்கு வந்தேன்.

பிப்ரவரியில் நீ எழுதிய முதல் கடிதத்திலேயே, ஒரு எழுத்து மாறாமல் அந்த வரி இருந்தது. உனக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. அம்மாவுக்கு ஆஸ்துமா. ஆஸ்துமாக்காரர்களையும் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் யார் இருந்தார்கள் என்று கேட்டேன். நீ ஊர்க்கதை எல்லாம் எழுதினாய், அதற்கு மட்டும் பதில் எழுதவில்லை.

நீதான் இருந்தாய், இல்லையா? அம்மா எப்படிப் போனாள்?

ஜெயசீலி

•

பிலாய்,
26-7-1970

அன்புள்ள கிருபாவுக்கு,

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. நீ இவ்வளவு நாள் பேசாமல் இருக்கிற ஆள் இல்லை. பிள்ளைகள் சுகமா? வில்பிரட்டுக்கு எழுதினேன். எல்லாரும் சௌக்கியம், கிருபாதான் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று ஒரு கார்டு போட்டிருக்கிறான். அவன் எழுதினாலே நாலு வரிதான்.

கேட்டது தப்பு என்றால் சொல்லிவிடு. ஆராதனை பதினாறாம் தேதி என்று அவன் எழுதியிருக்கிறான். உனக்கு எது வாசிக்க வருமோ அதை வாசி.

நான் மோர் குடிக்கிறேன்.

ஜெயசீலி

•

கிழக்குத் தாம்பரம்,
18-8-1970

அன்புள்ள அக்காவுக்கு,

பிள்ளைகள் சுகம். நானும் சுகம்தான். இவ்வளவு நாள் எழுதாததற்குக் கோபம் காரணமில்லை. எழுத உட்கார்ந்தால் கை வரவில்லை, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடந்தது. கோயில் கொள்ளாத கூட்டம். நான் என்ன வாசிக்கப்போகிறேன் என்று பார்க்கத்தான் பாதிப் பேர் வந்தார்கள், எனக்குத் தெரியாதா? இரண்டாவது பெஞ்சின் ஓரத்தில் யாரும் உட்காரவில்லை. சமையல் வரி வந்ததும் சிரித்தார்கள். முருங்கைக்காய் வரிக்கு எலியேசர் சித்தப்பா ஜோராகத் தலையாட்டினார். கடைசி வரிக்கு வந்தேன். காகிதத்தில் அது இருந்தது, நீங்கள் எழுதிய பிறகும் நான் மாற்றவில்லை. வாசித்துவிட்டு இறங்கிவிடலாம் என்றுதான் இருந்தேன். வாய் வரவில்லை அக்கா. அதை வாசித்துவிட்டால் அன்றைக்கு அந்த அறையில் நான் இல்லை என்று ஆகிவிடும். காகிதத்தை மூடிவிட்டுச் சொன்னேன்.

“இதுக்கு மேல எழுதியிருக்கிறது உண்மை இல்ல. அத்தை தூங்குற மாதிரி போகல. மூச்சு கிடைக்காம ரொம்ப நேரம் தவிச்சாங்க. பயந்தாங்க. அத்தை பயந்து நான் பார்த்ததே இல்ல. ‘ஜெபம் பண்ணட்டுமா அத்தை’ன்னு கேட்டேன். ‘அதெல்லாம் அப்புறம் பண்ணு, மொதல்ல என்னப் புடி’ன்னாங்க. புடிச்சிக்கிட்டேன். நான் மட்டும்தான் இருந்தேன்.”

இதுதான் நான் சொன்னது. இறங்கி வந்து உட்கார்ந்தேன். போதகர் ஞானப்பாட்டு எண்ணைச் சொல்ல மறந்துவிட்டார். ஞானாம்பாள் அம்மா ஆர்கனில் கையை வைக்கவே இல்லை.

வெளியே டீ கொடுக்கும்போது ஒருவரும் என்னைத் திட்டவில்லை. ஞானாம்பாள் அம்மா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, “எங்க வூட்டுக்காரரும் அப்படித்தான் போனாரு. என்னைப் பார்த்துக் கத்திக்கிட்டே போனாரு. நான் யார்கிட்டயும் சொல்லல” என்றார்கள். அவர்களுக்குப் பின்னால் இன்னொரு அம்மா நின்றார்கள், அவர்கள் மகனைப் பற்றிச் சொன்னார்கள். டீ ஆறிப்போய்விட்டது, யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

ஆனால் உங்கள் தம்பிக்கு அது அங்கேதான் முதல் தடவையாகத் தெரியவந்தது. அவர் ஆபீஸிலிருந்து ஓடி வந்தபோது, அம்மா தூங்குகிற மாதிரிப் போய்விட்டார்கள் என்று நான்தான் சொன்னேன். அன்றைக்கு அவர் இருந்த இருப்பில் வேறு என்ன சொல்ல முடியும்? ஞாயிற்றுக்கிழமை அவர் டீ குடிக்காமலே தனியாக நடந்து வீட்டுக்கு வந்துவிட்டார். இன்றைக்குக் காலையில் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டே, “ஊருக்குச் சொன்ன. எனக்கு ஏன் சொல்லல?” என்று கேட்டார். வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

அக்கா, சபையில் சொன்னது கொஞ்சம்தான். உங்களுக்கு மட்டும் இன்னொன்று சொல்லுகிறேன். டாக்டர் வீடு அடுத்த தெருதான். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்த பிடியை நான் உதறிவிட்டு ஓடியிருக்கலாம். ஓடவில்லை. நகத் தழும்பு இன்னும் இருக்கிறது. ஓடியிருந்தால் இருந்திருப்பார்களா? அதைக் கேட்கப் பயந்துதான் எல்லாருக்கும் தூங்கிவிட்டார்கள் என்று சொன்னேன். மாமியாரோடு தினமும் சண்டை போட்டவள், டாக்டரைக் கூப்பிடவில்லை என்று ஊர் என்ன நினைக்கும்? ஊரை விடுங்கள், நானே அப்படித்தான் நினைக்கிறேன். இன்னும் நிறைய இருக்கிறது, எழுத வரவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிருபா

•

பிலாய்,
24-8-1970

அன்புள்ள கிருபாவுக்கு,

உன் கடிதம் காலையில் வந்தது. டியூட்டி முடியட்டும் என்று வைத்திருக்க முடியவில்லை, வார்டிலேயே படித்துவிட்டேன்.

முதலில் நர்ஸாக ஒன்று சொல்கிறேன், ஆறுதலுக்காக அல்ல. மூச்சு அந்த நிலைக்கு வந்த பிறகு, அடுத்த தெரு டாக்டர் வந்திருந்தாலும் அம்மா பிழைத்திருப்பாள் என்று என்னால் சொல்ல முடியாது. அநேகமாகப் பிழைத்திருக்க மாட்டாள். ஆனால் நீ ஓடியிருந்தால் அவள் தனியாகப் போயிருப்பாள், அதை மட்டும் நிச்சயமாகச் சொல்லுவேன். என் தாய் எனக்குத் தெரிந்து யாரையும் பிடித்துக்கொள் என்று கேட்டதில்லை. உன்னைக் கேட்டாள். கையை விடாமல் இருந்தாயே, நீ நன்றாக இருப்பாய்.

வில்பிரட்டிடம் இன்றைக்கே பேசு. அவன் தாங்க மாட்டான் என்று எங்கள் வீட்டில் எல்லாரும் எப்போதும் நினைத்தோம், அவனை யாரும் ஒன்றும் கேட்டதில்லை. சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டாவது கேட்டானே.

லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். செப்டம்பர் பத்தாம் தேதி சென்ட்ரலுக்கு வருகிறேன். யாரும் வரவேண்டாம், தாம்பரத்துக்கு வழி எனக்குத் தெரியும். ஒரு மாதம் இருப்பேன்.

அப்பா போனபோது அம்மாவோடு யாரும் இல்லை. அதைச் சொல்ல அவளுக்குக் கடைசிவரை ஆளும் கிடைக்கவில்லை, நான்தான் கிடைத்திருக்க வேண்டும். உனக்கு அப்படி ஆகக் கூடாது. எழுத வராது என்றால் எழுதாதே. பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு வந்து உட்கார். அன்று காலையில் அம்மா என்ன சாப்பிட்டாள் என்பதிலிருந்து ஆரம்பி. ஒன்றையும் விடாதே, எவ்வளவு நேரமானாலும் சரி. நான் எழுந்து போக மாட்டேன்.

உன் அக்கா,
ஜெயசீலி